டேங்க் காலி, முள் ஃபுல்: படகின் கேஜ் பேனலுக்குப் பின்னால்

டேங்க் வற்றிக் கிடக்கிறது, டேஷ்போர்டில் முள்ளோ ஃபுல்லைத் தொட்டு நிற்கிறது. புதிதாகச் செய்த கேஜ் பேனலில், அதாவது அளவு காட்டும் முள்வட்டங்கள் பதித்த பலகையில், இது நடக்கக்கூடியதுதான். கேஜும் பழுதில்லை, டேங்க்கிலுள்ள சென்சாரும் பழுதில்லை. இரண்டுக்கும் பாஷை வேறு, அவ்வளவுதான்.

கேஜின் முள் எரிபொருளைப் பார்ப்பதே இல்லை. டேங்க்குக்குள் இருக்கும் மிதவை ஏறி இறங்கும்போது சென்சாரின் மின்தடை மாறும். கேஜுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள், நடுவே முள்ளோடு ஒட்டிய சிறு காந்தம். சுருள்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்க, மின்தடை மாற மாற எந்த இழுப்பு ஓங்குகிறதோ அந்தப் பக்கம் முள் சாயும். பேட்டரியின் வோல்ட் ஏறி இறங்கினால் இரண்டு இழுப்பும் சேர்ந்தே மாறுவதால், முள் பெரிதாக அசையாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இனி அந்தப் பாஷை விஷயம். மின்தடையை ஓம் என்ற அலகில் அளப்பார்கள். அமெரிக்க வகை சென்சார் காலி டேங்க்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்க்குக்கு 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வகை நேர் தலைகீழ்: காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. ஐரோப்பிய சென்சாரை அமெரிக்க கேஜில் மாட்டினால், காலி டேங்க்கின் 10 ஓமை அது ஃபுல் என்றே படிக்கும். ஆகவே பலகையின் நிறத்தை யோசிக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்து சென்சாரின் ஓமை அளந்து பாருங்கள்.

சரி, ஜோடி பொருந்திவிட்டது. அப்புறம் எர்த் வயர், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயர். உப்புக்காற்றில் செம்பில் களிம்பு ஏறும். அதுவும் ஒரு மின்தடைதான். அமெரிக்க வகையில் அந்தக் கூடுதல் ஓம் எரிபொருளை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், ஆபத்தில்லை. ஐரோப்பிய வகையிலோ இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். நடுக்கடலில் இதன் அர்த்தம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளீயம் பூசிய செம்பு வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் முள் துள்ளுகிறதா? பெரும்பாலும் எர்த் சரியில்லை என்றுதான் பொருள்.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர் வேறு ரகம். அது எண்ணுவது மின்துடிப்புகளை. மின்சாரம் உண்டாக்கும் 12 துருவ ஆல்டர்னேட்டர் உள்ள அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது), ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். கேஜின் முதுகில் உள்ள சிறு ஸ்விட்சை அதற்கேற்பத் திருப்பாவிட்டால் ஆர்பிஎம் மொத்தமும் தப்பு.

பலகை வேலை இதற்கெல்லாம் பிறகு. சிறிய கேஜுக்கு சுமார் 52 மி.மீ. ஓட்டை, பெரியதற்கு 85. எந்த வட்டத்தையும் வெட்டும் முன் காகிதத்தில் வரைந்து ஒட்டிப் பாருங்கள். இன்ஜின் வழக்கமான நிலையில் ஓடும்போது வெப்பம், ஆயில் அழுத்தம் இரண்டின் முள்ளும் நேர் மேலே நிற்கும்படி கேஜ்களைச் சற்றுத் திருப்பிப் பொருத்தலாம். எண்கள் சாய்ந்து தெரியும், பரவாயில்லை. அலை ஆட்டத்தில் எண்ணைப் படிக்க நேரமிருக்காது. சாய்ந்த முள் மட்டும் சட்டென்று கண்ணில் படும்.

திசைகாட்டி அருகில் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. கேஜுக்குள் காந்தமும் சுருளும் இருக்கின்றனவே! வயர் இணைத்த கேஜைக் குறித்த இடத்தில் வைத்து, சாவியை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். கேஜை எடுத்தும் வைத்தும் பாருங்கள். திசைகாட்டி அசைந்தால் அந்த வட்டத்தை அழித்துவிட்டு இன்னும் தள்ளி வரையுங்கள். பென்சில் கோடாக இருக்கும்வரை அது சுலபம்.