ஃபோலியோஸ் லைக்கன்: பொருளும் தமிழ்ப் பெயரும்

பாறையிலும் மரப்பட்டையிலும் செம்மஞ்சள் நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்ந்திருப்பதைப் பாசி என்று சொல்லிவிடுகிறோம். பாதிதான் சரி. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஓர் உடல். அதில் பெரும்பகுதி பூஞ்சை. உள்ளே இருக்கும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது. 1860-களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

லைக்கன் கிரேக்கச் சொல். நக்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தோலில் படரும் நோய்க்கும் கிரேக்கர்கள் இதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நம் படர்தாமரையை நினைத்துக்கொண்டால் பொருள் சட்டென்று பிடிபடும். ஃபோலியோஸ் லத்தீன் வழி வந்தது. ஃபோலியம் என்றால் இலை.

தமிழில் 'இலைவடிவ லைக்கன்' என்பதே பொருத்தம். கல்பாசி என்ற பெயர் சாம்பல் நிறமுள்ள சில இனங்களுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதை எல்லாவற்றுக்கும் இழுத்தால் குழப்பம்தான். வெறுமனே 'செம்மஞ்சள் லைக்கன்' என்றாலும் போதாது. வடிவம் பெயரில் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் நிறம் ஏமாற்றும்.

இலைவடிவ லைக்கன்களில் ஒன்றான சாந்தோரியா பரியெடினாவையே எடுத்துக்கொள்வோம். பெயரின் முதல் பாதி மஞ்சளையும் அடுத்தது சுவரையும் குறிக்கின்றன. வெயில் படும் இடத்தில் பளிச்சென்ற செம்மஞ்சள். நிழலிலோ சாம்பல் கலந்த பச்சை. பரியெடின் என்ற நிறமி வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல உள்ளிருக்கும் பாசியைக் காக்கிறது, நிழலில் அதற்கு வேலை குறைவு. அதனால் ஓரத்தைப் பாருங்கள். சில மில்லிமீட்டர் அகலமுள்ள மடல்கள் லேசாகத் தூக்கி நிற்கும், அடிப்பக்கம் வெளிறியிருக்கும். நடுவில் குட்டித் தட்டுகள்போல இருப்பவை பூஞ்சையின் வித்துகள் உருவாகும் இடம். அவை மடல்களைவிட அடர்ந்த நிறம். காலோபிளாக்கா என்ற லைக்கன் வகைகளும் செம்மஞ்சள்தான், சிலவற்றின் ஓரம் மடல்போலவே தெரியும். ஆனால் அவை கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும், நகம் நுழையாது. அவை மேலோட்டு வடிவ லைக்கன்கள். நகத்தால் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தால் போதும், பெயர்த்தெடுக்க வேண்டாம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலை ஒரு துளி விட்டால் சாந்தோரியா ஊதா கலந்த சிவப்பாக மாறும். இது பரியெடின் இருப்பதைக் காட்டுமே தவிர வடிவத்தைச் சொல்லாது, காலோபிளாக்காவும் பெரும்பாலும் அப்படியே மாறும்.

சாந்தோரியாவை எங்கே தேடுவது? கடலோரப் பாறை, பழஞ்சுவர், ஓட்டுக்கூரை, வெயில் படும் மரக்கிளை. பறவைகள் உட்கார்ந்து எச்சமிடும் கல்லை விடாதீர்கள், நைட்ரஜன் சத்து மிகுந்த இடம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். உயர்மலைப் பாறைகளிலும் துருவப் பகுதிகளிலும் இருப்பது இதன் உறவான ருசாவ்ஸ்கியா எலிகன்ஸ். மடல்கள் குறுகி, பாறையோடு இன்னும் நெருங்கிப் படிந்திருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் ஒன்றரை ஆண்டு வைத்திருந்த பிறகும் இது உயிரோடு திரும்பியது.