பாக்டீரியோஃபேஜ்: தின்னாமலே கொல்லும் தின்னி

மயூர் விஹாரிலிருந்து மண்டி ஹவுஸ் போகும் டெல்லி மெட்ரோ, யமுனா பேங்க் தாண்டியதும் ஆற்றைக் கடக்கிறது. சங்கப் பாடலில் தொழுநை என்று வரும் ஆறு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குப் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், என்று பெயர். இந்தச் சொல்லின் முன்கதை அதே ஆற்றில், கீழே ஆக்ராவில் நடந்தது. யமுனை, கங்கை நீரில் காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிகின்றன, நீரைக் காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடுகிறது என்று பாக்டீரியா ஆய்வாளர் எர்னெஸ்ட் ஹான்கின் 1896-இல் எழுதினார். காரணம் இன்னதென்று அவர் கண்டறியவில்லை. ஃபேஜாக இருக்கலாம் என்று சொன்னவர்கள் பிற்காலத்தவர்கள். இன்றைய டெல்லி யமுனைத் தண்ணீரைக் குடிப்பதற்கு இது சான்றாகாது.

1915-இல் பாக்டீரியா ஆய்வாளர் ஃபிரெடெரிக் ட்வார்ட் லண்டனில் ஃபேஜின் செயலைக் கண்டார். பெயர் வைத்தவர் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சீதபேதியை ஆராய்ந்த ஃபெலிக்ஸ் டெரெல், 1917-இல். கிரேக்கத்தில் பாக்டீரியான் என்றால் சிறு கோல், ஃபாகெய்ன் என்றால் உண்ணல். ஆனால் ஃபேஜ் எதையும் உண்பதில்லை. அது ஒரு வைரஸ். பாக்டீரியாவின் சுவரில் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பல படிகள் எடுத்து, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பாக்டீரியாவை வைத்துத் தான் பெருகுவது என்ற பொருளில்தான் டெரெலும் அந்தச் சொல்லைக் கையாண்டார்.

தமிழில் என்ன சொல்வது? 'நுண்ணுயிர் தின்னி' என்றால் பூஞ்சையும் அதில் அடங்கிவிடும். ஃபேஜ் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். 'உண்ணி' என்றதும் நாயின் காதில் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. 'விழுங்கி' என்றால், கிருமியை உண்மையிலேயே விழுங்கும் வெள்ளணுக்களோடு குழப்பம். 'கொல்லி' ஆன்டிபயாட்டிக்கின் இடம். 'பாக்டீரியாத் தின்னி' என்பதே என் தேர்வு. செயலைச் சொல்வதில் இது பிழைதான். ஆனாலும் எறும்புத்தின்னி எறும்பையே தேடிப் போவதுபோல, ஒரு ஃபேஜ் தனக்குரிய பாக்டீரியாவை, பெரும்பாலும் அதிலும் சில வகைகளை மட்டுமே, தாக்கும். மருத்துவத்துக்கு முக்கியமான இந்தக் குணம் 'தின்னி'யில் தானாகவே வந்துவிடுகிறது.

1919-இல் பாரிஸில் சீதபேதி கண்ட ஒரு சிறுவனுக்குக் கொடுக்கும் முன், டெரெலும் உடனிருந்த மருத்துவர்களும் ஃபேஜ் மருந்தைத் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். 1927-இல் அவர் பஞ்சாபில் காலராவுக்கு அதைக் கொடுத்தார். ஜார்ஜியாவின் டிபிலிசியில் ஜார்ஜ் எலியாவா தொடங்கிய ஃபேஜ் ஆய்வு நிறுவனம் இன்றும் இயங்குகிறது. மேற்கு நாடுகளில் 1940-களில் பென்சிலின் வந்ததும் தின்னி ஓரங்கட்டப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் பெயர் கெட்டிருந்தது. நோயாளியின் கிருமியை எந்த ஃபேஜ் தாக்கும் என்று சோதிக்காமலே கொடுத்தார்கள். உடைந்த பாக்டீரியாக்களின் நச்சு நீக்கப்படாத கரைசலை ஊசியில் ஏற்றினார்கள், காய்ச்சல் வந்தது. வாய்வழி கொடுத்தால் வயிற்று அமிலம் ஃபேஜைப் பெருமளவு அழித்துவிடும். அதனால் அமிலத்தைத் தணிக்கும் சோடா உப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

நோயாளியின் கிருமிக்கு எந்த ஃபேஜ் பொருந்தும் என்று பார்க்கும் முறை எளியது. சாக்கடை நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியா மேலே தங்கும், ஃபேஜ் கீழே இறங்கும். வடிநீரைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, நோயாளியின் பாக்டீரியாவோடும் இளகிய அகாரோடும் (பாக்டீரியா வளர்க்க உதவும் கூழ்) கலந்து தட்டில் ஊற்றி 37 டிகிரியில் ஓரிரவு வைக்க வேண்டும். பொருந்தும் ஃபேஜ் இருந்தால், மறுநாள் மங்கலான பரப்பில் பாக்டீரியா அழிந்த இடங்கள் தெளிந்த புள்ளிகளாகத் தெரியும். ஆங்கிலத்தில் இதற்குப் பிளாக் (plaque) என்று பெயர். பல்லில் படியும் காரைக்கும் அதே பெயர் என்பதால், இங்கே 'தெளிவட்டம்' என்பதே நல்லது. 30 முதல் 300 தெளிவட்டங்கள் உள்ள தட்டைத்தான் எண்ணுவார்கள். கூடினால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், குறைந்தால் கணக்கு நம்பத்தக்கதல்ல. ஒரே ஃபேஜுக்கு பாக்டீரியா விரைவில் பழகிவிடுவதால் சிகிச்சைக்குப் பல ஃபேஜ்களின் கலவையே பெரும்பாலும் போகிறது.

எல்லா ஃபேஜும் மருந்தாகாது. சில, செல்லை உடைக்காமல் அதன் மரபிழையிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். காலராக் கிருமிக்கு நச்சு மரபணுவைக் கொண்டுவந்து கொடுத்ததே அப்படி ஒரு ஃபேஜ்தான் என்று 1996-இல் தெரியவந்தது. தட்டில் இவை கலங்கிய வட்டமாகத் தெரியும். இவற்றைத் 'தங்கும் ஃபேஜ்' என்று பிரித்து எழுதுவதே சரி. மருந்துக்கு எடுக்கும்போது முதலில் ஒதுக்க வேண்டியவையும் இவையே.