ஆரஞ்சு தொலைத்த பூனை

2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது. பெயர் சிசி. அதற்குச் செல் கொடுத்த ரெயின்போ ஒரு மூவண்ணப் பூனை. குட்டியிடமோ ஆரஞ்சு நிறம் மருந்துக்குக்கூட இல்லை. இரண்டுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். அப்புறம் ஆரஞ்சு எங்கே போனது?

டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் பூட்டிக் கிடந்தது. பெண் பாலூட்டிக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இரண்டும் வேலை செய்தால் பெண்ணுக்கு எல்லாம் இரட்டை அளவாகிவிடும். அதனால் கருவின் தொடக்க நாட்களிலேயே ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை மூடிவிடுகிறது. அம்மா தந்ததா, அப்பா தந்ததா என்பது பூவா தலையாதான். ஆனால் விழுந்த முடிவை அந்தச் செல்லின் வாரிசுகள் அத்தனையும் காப்பாற்றும். எலிகளின் உடலில் திட்டுத் திட்டாகத் தெரிந்த நிறங்களை வைத்து 1961-ல் மரபியல் விஞ்ஞானி மேரி லயன் சொன்னது இதைத்தான். சிசி வந்த செல்லில் மூடியிருந்தது ஆரஞ்சு மரபணு இருந்த எக்ஸ். குளோனிங் அந்தப் பூட்டைத் திறக்கவில்லை.

மூடும் வேலையைத் தொடங்குவது எக்ஸிஸ்ட் என்ற மரபணு. அது புரதம் எதுவும் செய்வதில்லை. அதிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏ, தான் பிறந்த குரோமோசோமையே போர்த்தி மூடுகிறது. பிறகு புரதங்கள் வந்து அதைச் சுருட்டி இறுக்குகின்றன.

சரி, செல் பிரியும்போது இந்த முடிவு மறந்து போகாதா? அதற்குத்தான் மெத்தில். மரபணுக்களின் தொடக்கத்தில் குவானின் என்ற டிஎன்ஏ எழுத்துக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் ஏறிக்கொள்கின்றன. 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிறதே, அதுபோல: எழுத்து அதேதான், அகரம் மட்டும் அடங்கிவிடுகிறது. டிஎன்ஏ நகலாகும்போது பழைய இழையில் புள்ளி இருக்கும், புது இழையில் இருக்காது. டிஎன்எம்டி1 என்ற நொதி பழையதைப் பார்த்துப் புதியதிலும் வைத்துவிடும்.

இந்தப் புள்ளியை அழித்தால்? 1981-ல் மோகன்தாஸ், ஸ்பார்க்ஸ், ஷாபிரோ மூவரும் மூடிய மனித எக்ஸ் கொண்ட செல்களுக்கு அசாசைட்டிடின் கொடுத்தார்கள். மெத்தில் ஏறவிடாமல் தடுக்கும் பொருள் அது. சில செல்களில் தூங்கிக் கிடந்த மரபணு விழித்துக்கொண்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. திறந்திருக்கும் எக்ஸிலும் ஓர் எக்ஸிஸ்ட் மரபணு இருக்கிறது. அது வாய் திறந்தால் அந்த எக்ஸும் மூடிவிடும். அதன் தலையிலும் மெத்தில் புள்ளி.