கொலுசு கறுக்கும், போட்டோ வெளுக்கும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வர்ஜீனியா சிட்டி என்று ஒரு மலையூர் இருக்கிறது. டேவிட்சன் மலைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,880 மீட்டர் உயரத்தில். அந்த ஊரின் பழைய போட்டோக்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாப் படமும் ஏன் மஞ்சளடித்துக் கிடக்கிறது? சிலவற்றில் பின்னால் இருக்கும் மலையே காணவில்லை. அந்தக் காலத்துக் கேமரா அவ்வளவுதானா?"

கேமரா மேல் பழி போட வேண்டாம். அந்தப் படங்கள் எடுத்த புதிதில் மிகத் துல்லியமாக இருந்தன. மலை பிறகுதான் மறைந்தது. எப்படி மறைந்தது என்பதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு வேதியியல் கதை இருக்கிறது.

1859-ல் அங்கே தங்கம் தேடி வந்தவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது ஒருவகைக் கருநீலச் சேறு. திட்டிக்கொண்டே அதை வாரி எறிந்தார்கள். பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதில் வெள்ளி கொட்டிக் கிடந்தது. பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி, அதாவது சில்வர் சல்பைடு. காம்ஸ்டாக் சுரங்கப் பகுதி பிறந்தது அப்படித்தான். 1870-களில் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. தாது தீர்ந்ததும் ஊர் காலியானது. இப்போது ஆயிரம் பேர்கூட இல்லை.

கிளாரன்ஸ் கிங் தலைமையிலான அரசு நில ஆய்வுக் குழுவோடு 1867-ல் நெவாடாவுக்கு வந்தவர் திமோத்தி ஓ'சல்லிவன். உள்நாட்டுப் போர்க்களங்களைப் படமெடுத்துப் பழகியவர். அந்தக் குளிர்காலத்தில் கேமராவோடு சுரங்கத்துக்குள் இறங்கி, மக்னீசியத்தைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். மெழுகுவர்த்தி உதவாது. அன்றைய கண்ணாடித் தகடுக்கு நீல ஒளியும் புற ஊதாவும்தான் கண்ணில் படும். மெழுகுவர்த்தியின் மஞ்சள் ஒளி அதற்கு ஏறக்குறைய இருட்டு. அந்தக் காலப் படங்களில் வானம் மட்டும் வெறும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்: நீல வானம் தகட்டை நிரப்பிவிடும்.

படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். அது நெகடிவ். பிறகு முட்டை வெள்ளைக்கருவும் உப்பும் பூசிய காகிதத்தில் வெள்ளி உப்பை ஏற்றி, நெகடிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாகவே எழும். ஹைப்போ என்ற கரைசலில் போட்டு மிச்ச வெள்ளி உப்பை நீக்கினால் பிரிண்ட் தயார்.

சரி, அந்தக் காகிதத்தில் உண்மையில் இருப்பது என்ன? மையும் இல்லை, சாயமும் இல்லை. வெள்ளி உலோகத்தின் பொடித் துகள்கள், அவ்வளவுதான். ஒரு தலைமுடியின் அகலத்துக்கு ஆயிரம் துகள்களை வரிசையாக அடுக்கலாம், அத்தனை சிறியவை. பளபளக்கும் வெள்ளி அந்த அளவுக்குப் பொடியானால் பளபளப்பு போய்விடும். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டற்று அலைகின்றன. ஒளி அலை வந்து மோதும்போது, அந்தக் குட்டித் துகளின் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் ஆடும். ஊஞ்சலின் தாளத்துக்கு ஒத்த நிறத்து ஒளியைத் துகள் விழுங்கிவிடும். துகளின் அளவும் நெருக்கமும் மாறினால் தாளமும் மாறும். பழைய பிரிண்டுகளின் செம்பழுப்பும் ஊதாவும் வருவது இந்த ஆட்டத்திலிருந்து. கொஞ்சூண்டு வெள்ளி, ஆனால் ஏராளமான ஒளியை விழுங்குகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

இப்போது கந்தகம் வருகிறது. நம் வீட்டுக் கொலுசு கறுப்பது எல்லாருக்கும் தெரியும். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தொட்டு மேலே சில்வர் சல்பைடு படலமாகின்றன. திருஷ்டி பட்டால் கொலுசு கறுக்கும் என்று சுற்றிப் போடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு அழகான வேதியியல் குழந்தையின் காலிலேயே நடக்கிறது; அதைக் காட்டிக்கொடுக்காமல் பயத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வினைதான் போட்டோவை வெளுக்க வைக்கிறது. கொலுசில் படலத்துக்கு அடியில் வெள்ளி பத்திரமாக இருக்கும், தேய்த்தால் திரும்ப வரும். போட்டோத் துகளுக்கு 'அடியில்' என்று ஒன்று கிடையாது. அது முழுக்க மேற்பரப்புதான். கந்தகம் தொட்டால் துகள் மொத்தமும் சல்பைடாகிவிடும். சல்பைடில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன, ஊஞ்சல் நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்தத் துகள் நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்கி மற்றதை விட்டுவிடும். நம் கண்ணுக்கு வெளிர் மஞ்சளாகத் தெரியும். கொலுசின் மேல் தடித்துப் படிந்தால் கறுப்பு, காகிதத்தில் இறைந்து கிடந்தால் மஞ்சள். பொருள் ஒன்றேதான்.

படத்தில் வெளிச்சமான பகுதிகளில் வெள்ளி மிகக் குறைவு. முதலில் அழிவது அவைதான். கதவுகள், சாரக்கட்டைகள், நிழல்கள் நிற்கும். தூரத்து வெளிர் மலை கரைந்துபோகும். வாசகர் தேடிய மலை போன வழி இது. சேற்றில் சல்பைடாகக் கிடந்தது வெள்ளி. அந்தச் சேற்றால் எழுந்த ஊரின் படத்தில், வெள்ளி மறுபடியும் சல்பைடாகிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு கந்தகம் எங்கிருந்து வருகிறது? முட்டை வெள்ளைக்கருவின் புரதத்திலேயே கந்தகம் உண்டு. சரியாகக் கழுவாத ஹைப்போவிலும் உண்டு; அதுதான் மோசமான எதிரி. 1873-ல் சியரா மலைத்தொடரிலிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் வரும்வரை வர்ஜீனியா சிட்டியில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. ஒரு பிரிண்டை நிறைய நீரில் அலச வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் அடுப்புப் புகை, நிலக்கரிப் புகை.

இதற்கு அன்றே ஒரு தடுப்பு இருந்தது: தங்கம். பிரிண்டைத் தங்க உப்புக் கரைசலில் போட்டால் மூன்று வெள்ளி அணுக்கள் விலகி ஒரு தங்க அணு அங்கே வந்து அமரும். தங்கத்தைக் கந்தகம் எளிதில் சீண்டாது. தங்கத்தில் கஞ்சத்தனம் காட்டிய பிரிண்டுகள் சீக்கிரம் மங்கின. கண்ணாடி நெகடிவ்கள் வார்னிஷ் பூச்சுக்குள் இருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. ஒரே படத்தின் ஒரு பிரதி மஞ்சளாகவும் இன்னொன்று பளிச்சென்றும் கிடைப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

2018-ல் கனடாவில், மங்கிப்போன டாகரோடைப் படங்களை (வெள்ளி பூசிய தகட்டில் பாதரச ஆவியால் எழுப்பிய, இன்னும் பழைய வகைப் படங்கள்) சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிரால், அதாவது எலக்ட்ரான்களை அதிவேகமாகச் சுழற்றி உண்டாக்கும் வலுவான எக்ஸ்-கதிரால் வருடி, அவற்றில் எஞ்சியிருந்த பாதரசத்தைக் கொண்டே முகங்களை மீட்டெடுத்தார்கள். நம்மிடமும் இந்தூரில் இண்டஸ்-2 என்ற சின்க்ரோட்ரான் இருக்கிறது. அதில் சில மணி நேரத்தைப் பழைய படங்களுக்கும் ஒதுக்க வேண்டும், அதற்கென்று தனியாக நிதியும் வேண்டும் என்பது என் கருத்து. இதை வெட்டிச் செலவு என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

வீட்டில் செய்ய ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் போட்டோக்களைக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருந்தார்கள். ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். மேலே இருந்த படத்தில், பேண்ட் அழுத்திய இடத்தில் மட்டும், பாட்டியின் தோளுக்குக் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு கட்டு இருந்தால் இன்றைக்கே பேண்டைக் கழற்றிவிடுங்கள்.