தொங்கும் பாதமும் ஏற்காட்டுச் சரிவும்

தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கிதான் கால் ஸ்ப்ளின்ட். சேலம் கடைவீதியில் சிக்கலில்லாமல் நடக்க வைக்கிற ஸ்ப்ளின்ட், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துச் சரிவில் அதே ஆளைப் பாடாய்ப் படுத்தலாம். சாதனத்தில் கோளாறு எதுவும் இருக்காது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், கைக்குத் தட்டுப்படும் எலும்பு முட்டைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் தசைகளுக்கான நரம்பு போகிறது. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் எளிதில் அடிபடும், தொழுநோயும் தாக்கும். பக்கவாதத்தில் மூளையின் கட்டளையே சரியாக வந்து சேர்வதில்லை. எப்படியானாலும் முன்பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது கால்விரலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பதே ஒன்றிரண்டு செ.மீ.தான். அதுவும் போனால் வாசற்படிகூட இடறும்.

ஸ்ப்ளின்ட் மூன்று இடங்களில் அழுத்துகிறது. முன்பாதத்தை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது; கணுக்காலின் முன்பக்கத்தைப் பட்டையோ செருப்போ பின்னால் இழுத்துப் பிடிக்கிறது; கெண்டைக்காலைப் பின்னாலிருந்து முன்னே தள்ளுகிறது. உயரம் கூடினால் நெம்புகோல் நீளும், தோலில் அழுத்தம் குறையும். அதற்காக இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. மேல் விளிம்பு அந்த நரம்பையே நசுக்கிவிடும்.

செய்முறை மாவுக்கட்டில் தொடங்குகிறது. காலில் கட்டுப் போட்டுக் கழற்றி, அதற்குள் மாவு ஊற்றிக் காலின் அச்சை எடுப்பார்கள். எலும்பு துருத்தும் இடங்களில் கூடுதல் மாவு பூசுவார்கள், அங்கே பிளாஸ்டிக் உரசாமல் விலகி நிற்க. பிறகு சூடாக்கிய பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சிப் படிய வைப்பார்கள். என்னைக் கேட்டால், கைத்திறன் எல்லாம் அடுத்து பிளாஸ்டிக்கின் ஓரத்தை வெட்டுவதில்தான். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் வெட்டினால் வளைந்து கொடுக்கும்; முன்னால் வெட்டினால் விறைப்பாக நிற்கும்.

சரி, விறைப்பானதை மாட்டிக்கொண்டு ஏற்காட்டில் ஏறுங்கள். கால் முன்னே சாய வேண்டும், ஸ்ப்ளின்ட் விடாது. முழங்கால் பின்னால் தள்ளப்படும். இறக்கத்தில் குதிகால் ஊன்றியதும் பாதம் கீழே படிய வேண்டும். அதற்கும் வழியில்லாததால் கால் மொத்தமும் முன்னே சாய, முழங்கால் சட்டென மடங்கும்.

நம் வீடுகளில் இன்னொரு வம்பு: செருப்பை வாசலில் விட்டுவிடுவோம். குதி உயர்ந்த செருப்புக்கென்று கோணம் வைத்த ஸ்ப்ளின்ட், வெறுந்தரையில் காலைப் பின்னால் சாய்க்கும். டைல்ஸில் வழுக்கவும் செய்யும். அளவெடுக்கப் போகும்போது தினமும் போடும் செருப்பை, பின்பட்டை உள்ளதாகப் பார்த்து, எடுத்துப் போங்கள். மலையில் குடியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கணுக்காலில் கீல் வைத்தது ஏற்றத்தில் உதவும். ஆனால் கெண்டைக்கால் தசையில் வலு இருப்பவருக்குத்தான் அது சரிப்படும். இல்லையென்றால் கால் முன்னே மடிவதைத் தடுக்க ஆளில்லை.