ஆயில் ரிவர்ஸ்: எந்த எண்ணெய்?

நைஜீரியாவின் தென்கடற்கரையைப் பற்றிய பழைய எழுத்துகளில் 'ஆயில் ரிவர்ஸ்' என்ற பெயர் அடிக்கடி வரும். 'எண்ணெய் ஆறுகள்' என்று தமிழாக்கிவிடத் தோன்றும். அப்படி எழுதினால், படிக்கிறவர் மனதில் எழுவது துரப்பணக் கிணறும் குழாயும் எரிகிற வாயுவும்தான். இன்றைய நைஜர் கழிமுகம் அதற்குத்தானே பேர்போனது! ஆனால் 1885-இல் பிரிட்டன் அந்தக் கரையை 'ஆயில் ரிவர்ஸ்' என்ற பெயரில் தன் பாதுகாப்புப் பிரதேசமாக்கியபோது, அங்கே பெட்ரோலியம் கண்டுபிடிக்கப்பட இன்னும் 71 ஆண்டுகள் இருந்தன.

அந்த ஆயில், பாமாயில். நம் ரேஷன் கடையில் வாங்குகிறோமே, அதேதான்.

'ஆயில்' என்ற சொல்லின் வேரைப் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். லத்தீனில் 'ஓலியம்', அதற்கு முன் கிரேக்கத்தில் 'எலையோன்'. இரண்டுக்கும் பொருள் ஆலிவ் காயிலிருந்து எடுத்த நெய். பிற்பாடுதான் அது எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. தமிழிலும் இதே கதைதான்: எள் + நெய் = எண்ணெய். எள்ளின் நெய்க்கு வைத்த பெயர் தேங்காய்க்கும் கடலைக்கும் போய், கடைசியில் மண்ணெண்ணெய் வரை வந்துவிட்டது. அங்கே ஆலிவ், இங்கே எள். இரண்டு சொல்லும் நடந்த வழி ஒன்றே.

'ரிவர்ஸ்' என்பதும் கொஞ்சம் விளக்கம் கேட்கிற சொல். பானி, பிராஸ், ஒபோபோ, பழைய கலபார் என்று அலையாத்திக் காடுகளுக்கு நடுவே கடலில் கலக்கும் நீர்வழிகள் இவை. இவற்றில் சில நைஜரின் கிளைகள் என்பதே, 1830-இல் லேண்டர் சகோதரர்கள் படகில் ஆற்றோடு இறங்கிக் கடலை அடைந்த பிறகுதான் ஐரோப்பியருக்கு உறுதியானது. அதற்கு முன்பே இந்த முகத்துவாரங்களில் அவர்கள் அடிமை வணிகம் செய்துவந்தார்கள். 1807-இல் பிரிட்டன் அதைத் தடைசெய்த பிறகு, லிவர்பூல் வணிகர்கள் அதே துறைகளில் பாமாயில் வாங்கத் தொடங்கினார்கள். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் அது தேவைப்பட்டது.

இந்த வணிகத்தில் எனக்கு மறக்க முடியாத ஆள் ஜாஜா. அடிமையாக விற்கப்பட்டு பானிக்கு வந்தவர். 1869-இல் அங்கிருந்து பிரிந்து ஒபோபோ என்ற தனி அரசையே நிறுவினார். இடையில் நின்ற ஐரோப்பிய வணிகர்களை விலக்கிவிட்டு நேரே லிவர்பூலுக்குச் சரக்கு அனுப்பவும் செய்தார். பிரிட்டன் பொறுக்கவில்லை. 1887-இல் பேச்சுவார்த்தை என்று கப்பலுக்கு அழைத்துச் சிறைப்பிடித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தினார்கள். 1891-இல் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார். 1893-இல் அந்தப் பிரதேசத்தின் பெயரிலிருந்து 'ஆயில்' போய், 'நைஜர் கடற்கரை' என்று மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மலேசியத் தமிழர்களிடம் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம் மலாயாவில் 1917 முதல் தோட்டப் பயிரானது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். பழமும் நெய்யும் சிவப்பு; பெயரும் பொருத்தம். ஆகவே 'ஆயில் ரிவர்ஸ்' என்பதைச் 'செம்பனைநெய் ஆறுகள்' என்றே எழுதலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

1956-இல் நைஜர் கழிமுகத்தில் உள்ள ஒலோய்பிரியில் ஷெல்-பிபி நிறுவனம் தோண்டிய கிணற்றில் கிடைத்தது வேறு பொருள். 1958-இல் அதன் ஏற்றுமதி தொடங்கியது. 'பெட்ரா' என்றால் பாறை. பெட்ரோலியம் என்றால் பாறையின் எண்ணெய். தமிழில் கல்நெய், கன்னெய், பாறைநெய் என மூன்றும் புழங்குகின்றன. எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆனது போலவே கல்லும் நெய்யும் சேர்ந்தால் கன்னெய். புணர்ச்சி அழகாக இருக்கிறது. ஆனால் வண்டிக்குப் போடும் பெட்ரோலையே கன்னெய் என்று எழுதுவோர் உண்டு. அதனால் பெட்ரோலியத்துக்குப் பாறைநெய் என்பதே என் தேர்வு.

செய்தி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் காட்டினால் நல்லது. நமக்கு எண்ணெய் என்றால் குழந்தையின் தலைக்கு வைப்பது, விளக்குக்கு ஊற்றுவது, தாளிக்க விடுவது. அதே கழிமுகத்தில் ஓகோனி மக்களின் நிலத்தை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆராய்ந்து 2011-இல் அறிக்கை தந்தது. ஓரிடத்தில் கிணறுகளுக்கு ஊறும் நிலத்தடி நீரின்மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சுத்திகரித்த பாறைநெய்ப் பொருள் மிதந்தது. அந்த ஊர்க் குடிநீரில் பென்சீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. அங்கே மிதந்ததை எண்ணெய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாறைநெய் என்றே எழுதுகிறேன்.