எண்ணெய் ஊற்றினால் எபாக்ஸி உறுதியாகிவிடுமா?

ரெசின் என்ற திரவத்தோடு அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து செய்யும் பிசின்தான் எபாக்ஸி. அதில் மேசைப் பலகை செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். "சார், கீழ விழுந்தா ஓரம் பொட்டுனு தெறிக்குது. தாவர எண்ணெய் சேர்த்தா உடையாதுன்னாங்க. சூரியகாந்தி எண்ணெய் கலந்தேன். இப்ப மேலெல்லாம் பிசுபிசுங்குது."

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல, பாதி உண்மை. இறுகிய எபாக்ஸி நெருக்கமாக முடிச்சுப்போட்ட வலை மாதிரி. விறைப்பு உண்டு, நெகிழ்வு இல்லை. முருங்கைக் கிளையைப் போல, விரிசல் ஒன்று தொடங்கினால் நிற்காமல் ஓடும். நடுவே வளையும் தன்மையுள்ள நீண்ட கார்பன் சங்கிலிகளைப் பிணைத்தால் அடியை வலை கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். பிணைக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். சமையல் எண்ணெய்க்கு எபாக்ஸியைப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. அதனால் வெளியே கசிகிறது. சோயா எண்ணெயை வேதிமுறையில் மாற்றி, எபாக்ஸி வளையங்கள் என்ற பிணைப்புக் கைகளை ஏற்றிய வகை தனியாக விற்கிறது. அதுவும் சாதாரண ஹார்டனரோடு மெதுவாகத்தான் சேரும். நுண்துளிகளாகப் பிரிந்து நின்றால் விரிசலைத் தடுக்கும், ஆனால் பலகை பால்போல் மங்கிவிடும். கண்ணாடி மாதிரி மேசை கேட்பவர் இதை ஏற்பாரா?

எனக்குப் பிடித்தது முந்திரி ஓட்டு எண்ணெய்தான். பண்ருட்டிப் பக்கம் பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓட்டில் இருப்பது. அதைச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனால் ஆகும். பீனால் என்ற வளைய வடிவ மூலக்கூறின் முதுகில் 15 கார்பன் வால் முளைத்தது போன்ற மூலக்கூறு அது. பீனால் பகுதி ரெசினோடு பிணையும், வால் நெகிழ்வு தரும். வாகன பிரேக் லைனிங்கில் இது பல பத்தாண்டுகளாக உழைக்கிறது. கார்டனாலிலிருந்து செய்யும் ஹார்டனர்கள் குளிரிலும் ஈரத்திலும் இறுகுவதால் கப்பல் பெயின்டுக்குப் போகின்றன.

இலவசமாக எதுவும் வராது. நெகிழ்வு கூடினால் வெப்பம் தாங்கும் அளவு பெரும்பாலும் குறையும். சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும். 'தாவரம்' என்ற பெயரை நம்பிக் கையுறையைக் கழற்றவும் வேண்டாம். பச்சை ஓட்டு எண்ணெய் தோலை வேகவைத்துவிடும். முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இறுகிய பலகையும் மண்ணில் மக்காது.

பட்டறைக்காரரிடம் கடைசியாக விசாரித்தேன். எடையில் கலக்க வேண்டிய ஹார்டனரை டம்ளரில் அளந்திருக்கிறார். அளவு பிசகினால் பலகை சரியாக இறுகாது. தராசு வாங்கச் சொன்னேன், கூர் ஓரத்தை உருட்டித் தேய்க்கவும் சொன்னேன். எண்ணெய்ப் பேச்சு அதோடு நின்றது.